காத்துப் போன சைக்கிள்

ஞானரட்ணம் அங்கிள் வந்து சேராமல் வானை எடுக்கமாட்டேன் என்று வான் ஓட்டுகிற றொனால்ட் சொல்லிப்போட்டான்.

றூபினிக்கு அவசரம். இருட்டுவதற்கு முன் குட்மேய்ஸில் உள்ள வீட்டுக்குப் போய்விட வேண்டும். கைக்குழந்தையைப் புருசன் நிஷாந்திடம் விட்டுவிட்டு, மூத்த மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் போனால்தான் அவன் இரவு ஷிப்டுக்கு வெளிக்கிடலாம். போன மாதம் பிந்திப் போனதற்கே வார்னிங் குடுத்துவிட்டார்கள். இன்னொரு தரம் பிந்தினால் வேலை போச்சு.

கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்த நாளில் இருந்து சேர்ச்சையும் கடையையும் தவிர அவள் வேறிடம் கண்டதில்லை. இந்தப் பயணம்கூடச் சேர்ச் ஆட்கள் சேர்ந்து ஒழுங்கு பண்ணியது. பழைய கரிக்கோச்சி ரயிலில் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கடைசி ஸ்டேஷன் மட்டும் போறது. அதற்கு அங்கால் தண்டவாளத்தைக் கழற்றிச் சைக்கிள் பாதையாக்கி விட்டிருக்கிறார்கள். அதில் ஓடிப்போய் மற்றத் தலைப்பில் நிற்கிற றொனால்டின் வானைப் பிடிக்கிறது.

போகும்போது கோச்சிக்குள் எல்லாரையும் சிரிக்க வைத்ததே ஞானரட்ணம்தான்.

"ஊரில சண்டைக்குள்ள நாங்கள் தண்டவாளத்தைக் கழட்டிப் பங்கர் கட்டினம். இவங்கள் கழட்டிப்போட்டுப் பூமரம் நட்டிருக்கிறாங்கள். ரெண்டு இடத்திலயும் சைக்கிள் ஓடுறது நாங்கள்தான்."

மனிசி கத்தரின் செத்த பிறகு அவர் வெளியில் வந்தது இதுதான் முதல் தரம். கடைசி ஸ்டேஷனில் இறங்கி எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போக, அவர் மட்டும் சைக்கிள்களுக்குக் காவல் நின்றார். பிறகு, "நீங்கள் முன்னால போங்கோ, நான் ஆறுதலா வாறன்" என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டார்.

ஆறுதல் என்றால் இப்படியா? எல்லாரும் வந்து சேர்ந்து, சைக்கிள்களை வானில் சாத்தி வைத்துவிட்டு, தூறலில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். றொனால்ட் போன் எடுத்துக் கேட்டான். சைக்கிள் காத்துப் போட்டுதாம், உருட்டிக்கொண்டு வாறாராம். வானைக் கொண்டுபோய் ஏற்றி வரவும் அந்தப் பாதைக்குள் றோட்டு இல்லை.

"வெளிக்கிட முதல் சைக்கிளைப் பாக்கிறேல்லையோ?" என்றான் ஜெஸ்ரின். "அன்ரி இருக்கேக்க அவதான் காத்தும் அடிச்சு விடுறவ போல."

நாலைந்து பேர் சிரித்தார்கள். றூபினி சிரிக்கவில்லை. பாவம் பார்க்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. நிஷாந்துக்குச் சொல்லலாம் என்றால், கோச்சியை வீடியோ எடுத்தே அவளுடைய போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. மற்றவர்களிடம் போன் கேட்க வெட்கம்.

நன்றாக மைமலாகி இருட்டின பிறகுதான் அவர் தெரிந்தார். முழங்கால் மட்டும் சேறு. கிழிந்த முன் ரயர் சளக், சளக் என்று சத்தம் போட, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"குறை நினையாதேங்கோ பிள்ளையள்."

றொனால்ட் போய் வானின் பின்கதவைத் திறந்தான்.

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று பேர் எடுத்த றூபினிதான் வாய் திறந்தாள்.

"சைக்கிளைப் பாத்து எடுத்துவரத் தெரியாட்டி வீட்டில இருக்கிறதுதானே அங்கிள்? உங்களுக்கென்ன, வீட்டில பாத்துக்கொண்டிருக்க ஆருமில்லை. எங்களுக்கு இருக்கினம்."

ஜெஸ்ரின்கூட நிலத்தைப் பார்த்தான்.

ஞானரட்ணம் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளில் நித்திரையாகிக் கிடந்த மூத்தவள் லக்‌ஷிகாவைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. பிழைதான்."

வானில் இடம் இருந்தும் அவர் பின்னால் சைக்கிள்களோடு போய்க் குந்திக்கொண்டார். வழியில் இறங்கும்போது றொனால்டிடம், "அடுத்த முறை எனக்குச் சொல்ல வேண்டாம் தம்பி" என்றார். றூபினிக்கும் அது கேட்டது. நான் சொன்னதில் என்ன பிழை என்று தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

குட்மேய்ஸில் வான் நின்றபோது நிஷாந்த் குழந்தையோடு வாசலிலேயே நின்றான். ஏச்சு விழப்போகிறது என்று அவள் தலை குனிந்தாள். அவனோ ஓடிவந்து லக்‌ஷிகாவின் கையையும் காலையும் தடவிப் பார்த்தான்.

"உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

"இல்லை. நீங்கள் வேலைக்கு…"

"வேலை கிடக்கட்டும். எத்தினை தரம் போன் எடுத்தனான்! உம்மடை போன் ஓஃப் எண்டே சொல்லுது. சைக்கிளைக் கொண்டுபோம் எண்டு சொன்னனே தவிர, முன் ரயர் கிழிஞ்சு கிடந்தது நினைவில்லை. நீங்கள் போனபிறகுதான் நினைவு வந்தது. பிள்ளையையும் பின்னால வைச்சு எங்கை விழுந்து கிடக்கிறீரோ எண்டு நான் செத்துப் பிழைச்சன்."

"நல்லாத்தானே ஓடிச்சுது" என்றாள் றூபினி.

நிஷாந்த் வானில் இருந்து இறக்கின சைக்கிளின் முன் ரயரைக் குனிந்து விரலால் அமத்தினான். கல்லுப்போல இருந்தது. சில்லை ஒருக்கால் சுற்றிப் பார்த்தான்.

"அளவு ஒண்டுதான். ஆனா இது எங்கட சில்லில்லை, றூபினி."