வந்து சேராத ஊறுகாய்

ஆறு ஆண்டுகளாகத் தாயைப் பார்க்காதவர், கிடைத்த பத்து நாள் விடுப்பில் வாடகைக் காரில் சிசிலித் தீவைச் சுற்றப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் மாண்ட்ரியால் நண்பர்களிடம், மாயவரத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மனைவி அனுசூயாவோடு புறப்பட்டார் பேராசிரியர் நாகசுப்பிரமணியன்.

தீவில் விடாத ஜனவரி மழை. எட்னா மலையிலோ, கனடாவில் விட்டுவந்த அதே பனி. சாலையோர எலுமிச்சைத் தோப்புகளைக் கண்டபோதெல்லாம் அம்மாவின் ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்து அவரை உறுத்தியது.

திரும்பிய மூன்றாம் வாரம், மாண்ட்ரியாலை ஒட்டிய கர்க்லாண்டில், நண்பர் வட்டத்தைச் சேர்ந்த அம்புஜம் வீட்டில் விருந்து.

“வாங்கோ ஸார்! உங்க குட்டு வெளிப்பட்டுடுத்து!” என்று ஒரு விமானத் தபாலை ஆட்டினாள் அம்புஜம். “உங்ககிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பச் சொல்லி, நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே உங்கம்மாவுக்கு எழுதிட்டேன். பதில் வந்திருக்கு.”

அனுசூயா காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

“மன்னிச்சுடுங்கோ மாமி…” என்று தொடங்கினார் நாகசுப்பிரமணியன்.

“மன்னிப்பாவது! நீங்களே படியுங்கோ.”

அம்மாவின் நடுங்கிய கையெழுத்து: ‘சௌபாக்கியவதி அம்புஜத்துக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கண்டதுமே ஊறுகாய் போட்டுவிட்டேன். நாகு வந்து பத்து நாளும் என்னோடுதான் இருந்தான். விமானத்தில் எண்ணெய் கசியும் என்று அவன்தான் ஜாடியை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனைக் கோபிக்காதே. புறப்படும்போது குழந்தை மாதிரி அழுதான்.’

“இந்த வயசுல அழுதேளாமே!” என்று சிரித்தாள் அம்புஜம்.

“ஆமாம் மாமி” என்று சொல்லி, நனைந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார் நாகசுப்பிரமணியன்.