மார்புக் கவசம்

மலேசியாவின் ஸ்கூடாயில், கடைவீட்டு மாடியிலுள்ள வாள்வீச்சுச் சாமான் கடையில் கஸ்தூரி கண்ணாடி முன் நிற்கிறாள். நாற்பத்தாறு வயதில் அடுத்த வாரம் ஃபாயில் என்ற மெல்லிய வாளுக்கான வகுப்பில் சேரப் போகிறாள். முகமூடி எடுத்தாகிவிட்டது, குனிந்து தலையை உலுக்கியபோதும் அது நழுவவில்லை. வலது கைக்கு உறையும் சரியாக இருக்கிறது. இன்னும் மார்புக் கவசம்தான் பாக்கி. கடைக்காரி பிரேமலா பெண்களுக்கானதை நீட்டுகிறாள். வெள்ளை பிளாஸ்டிக்கில் இரண்டு மேடுகள். "எனக்கு இடது பக்கம் ஆபரேஷன்ல எடுத்துட்டாங்க," என்கிறாள் கஸ்தூரி, செருப்பு அளவு சொல்வதுபோல. பிரேமலா உள்ளே போய், மேடில்லாத கவசம் ஒன்றைக் கொண்டுவருகிறாள். "ஆம்பளைங்க போடறது, அக்கா. வகுப்புக்கு இது போதும்."

கஸ்தூரி அதைக் கட்டி, மேலே தடித்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, ஜிப்பை இழுக்கிறாள். கீழே சாலையில் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. முகமூடியையும் மாட்டிக்கொண்டு, அவளுடைய கைப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவன் குணாளனிடம் கடையிலிருந்த ஒரு வாளை நீட்டுகிறாள். "குத்திப் பாருங்க."

அவன் எழுந்து, நுனியில் ரப்பர் வைத்த வாளை வலது பக்கம் கொண்டுபோகிறான்.

"அங்க இல்ல. இங்க." இடது மார்பைத் தொட்டுக் காட்டுகிறாள்.

இரண்டு வருடமாக அவன் கைபடாத இடம் அது. வாள் மெல்லத் தொடுகிறது. முகமூடியின் கம்பி வலைக்குள் அவள் முகம் தெரியவில்லை.

"வலிக்குதா?"

"இல்லங்க. இன்னும் கொஞ்சம் பலமா குத்துங்க."

குணாளன் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓரடி முன்னால் வைக்கிறான்.