பத்து நொடிக்குள்

பந்தயம் தொடங்க இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை. மற்ற கார்கள் உறுமிக்கொண்டே வரிசையில் நகர, பரிசோதனைக் கொட்டகையின் தகரக் கூரை நடுங்குகிறது. பாதுகாப்புப் பரிசோதகி நொடிமுள்ளைப் பார்த்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறாள். காருக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். தீப்பிடித்தால் புகையில் ஒன்றும் தெரியாது. தடவியே பத்து நொடிக்குள் வெளியே வந்தாக வேண்டும். இரண்டு முறை தவறிவிட்டான். "ம், வா!" என்கிறாள். பெல்ட் படக்கென்று அவிழ்கிறது, ஜன்னல் வலை விழுகிறது, கழற்றி மாட்டும் ஸ்டீயரிங் கையோடு வருகிறது. அதைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோலக் காரின் கூரைமேல் வைத்த பிறகுதான் காலை வெளியே போடுகிறான். பதின்மூன்று. "அதைத் தூக்கி வீசிட்டு வாண்ணா, எத்தனை தடவை சொல்றது?" "புதுசும்மா, கீறிடும். தங்கச்சியா இருந்துக்கிட்டு மூணு நொடி விட்டுக்கொடுக்க மாட்டியா?" அவள் உள்ளங்கையில் அனுமதி ஸ்டிக்கர் வியர்வையில் சுருள்கிறது. ஸ்டீயரிங்கை எடுத்துத் தார்த்தரையில் விட்டெறிகிறாள். அது கரகரவென்று தேய்ந்து உருண்டு, டயர் அடுக்கில் முட்டி விழுகிறது. கண்கட்டை இன்னும் அவிழ்க்காத அண்ணன் சத்தம் வந்த பக்கம் பதறித் திரும்புகிறான். "கீறிடுச்சு," என்கிறாள். "இப்ப ஏறு, மறுபடி பார்ப்போம்."