சபையார் சொல்ல வேண்டிய வரி

கோயிலுக்குத் தியானக் கிண்ணம் வந்ததும் ஜெபப் புத்தகத்தை அலமாரியில் போட்டுவிட்டார்கள். கிண்ணத்தைத் தட்டி அது ரீங்கரித்தால் போதும், சபையார் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

"இத்தனை வருஷம் உங்களை ஒப்பிச்சு என்னத்தைக் கண்டாங்க, பெரியவரே? இப்போ எவ்வளவு நிம்மதியா இருக்காங்க பாருங்க!" என்றது கிண்ணம்.

'ஒரு சாவு விழட்டும், என்னைத்தானே தேடி வருவார்கள்' என்று கறுவியது புத்தகம்.

சாவு விழுந்தது. வந்தது கைக்குழந்தையின் பெட்டி. குருவானவர் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, தம்முடைய வரியை வாசித்து நிறுத்தினார். அடுத்த வரியைச் சபையார் சொல்ல வேண்டும். ஒருவருக்கும் ஞாபகமில்லை. பெட்டியைப் பிடித்திருந்த தாய் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ஏய், நீயாவது ஒரு சத்தம் கொடேன்," என்று கிண்ணத்திடம் கெஞ்சியது புத்தகம்.