பார்படோஸுக்கு ஒரு டிக்கெட்

பார்படோஸ் தீவுக்குப் போக அடுக்கிய பெட்டி மூடவில்லை என்று மனோன்மணி அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். "மிச்சமிருக்கிற தோசையையும் தின்னுட்டு வந்து உக்காரு" என்று சிரித்தபடி தணிகாசலம் ஜிப்பை இழுத்தார். அன்று மாலையே அவள் இறந்துபோனாள்.

மறுவருடம் அவர் மட்டும் டிக்கெட் எடுக்க டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போனார்.

"தனியாவா அங்கிள்? அந்தத் தீவுக்கு ஜோடியாத்தான் போவாங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

"ஆசைப்பட்டவ என் வீட்டுக்காரிம்மா. ஒருத்தராவது பாத்துட்டு வரணுமில்ல?"

"அப்ப ஜன்னல் சீட் போடறேன். கடல் தெரியும்."

"வேணாம்மா. ஜன்னல்ல எப்பவும் அவதான் உக்காருவா. எனக்கு அதுக்குப் பக்கத்து சீட் போடு."

"ஜன்னல் சீட்டுக்கு வேற யாராவது வந்துடுவாங்களே, அங்கிள்."

அவர் குனிந்து, அவளுடைய கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த விமான இருக்கைகளின் படத்தைப் பார்த்தார். அந்த ஜன்னல் இருக்கை அப்போதும் காலியாகத்தான் இருந்தது.