மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி

"கையை அப்படி ஆட்டாதீங்க சார். பேசப் போறீங்களா, பஸ்ஸை நிறுத்தப் போறீங்களா?"

குடைக்காரர் கையை இறக்கினார். இன்னொரு கையில் மைக்குக்குப் பதிலாக ஒரு கறுப்புக் குடை. யாரோ பேருந்தில் மறந்துவிட்டுப் போனது.

அந்த அறை முழுக்க அப்படித்தான். குடைகள், சாப்பாட்டுப் பைகள், ஒரு ஒற்றைச் செருப்பு, கண் பிதுங்கிய கரடி பொம்மை. பணிமனையில் தொலைந்த பொருள்களைக் காத்து வைக்கும் அறை. பொருள்களுக்குச் சீட்டுக் கட்டுவது குடைக்காரர் வேலை. எதிர் மேஜையில் உட்கார்ந்து பதிவேடு எழுதுவது வாத்தியாரம்மா வேலை.

உண்மையில் வாத்தியாரம்மா எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. பணிமனையில் யார் ஓய்வு பெற்றாலும் வழியனுப்பும் பேச்சை எழுதுவதும், பேசுகிறவரை உட்காரவைத்துப் பழக்குவதும் அவர்தான். ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது.

நாளை சாயங்காலம் ஒரு வழியனுப்பு விழா. பேசப் போகிறவர் குடைக்காரர்.

"இருபது வருஷமா மீட்டிங்ல கொட்டாவி விடக்கூட வாயைத் திறந்ததில்ல நீங்க. இப்ப நான் பேசறேன்னு கையைத் தூக்கினீங்களாமே? மேனேஜர் மயக்கம் போட்டு விழாத குறையாம்."

"தூக்கிட்டேன் மேடம். ஏன் தூக்கினேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல."

"சரி, முதல்ல இருந்து வாங்க."

"சபைக்கு வணக்கம். இன்று பணி நிறைவு பெறும் நம் மூத்த ஊழியர் பொன்னான மனசுக்காரர்..."

"நில்லுங்க. பொன்னான மனசுன்னு நான் எழுதலையே?"

"நான்தான் சேர்த்தேன்."

"வெட்டிடுங்க. அவங்களுக்கு மூக்கு மேல கோவம் வரும். எல்லாருக்கும் தெரியும். கேட்டா சிரிப்பாங்க."

"இருக்கட்டுமே மேடம். எனக்கு அப்படித்தான் தோணுது."

வாத்தியாரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். 'யார்கூட தம்பி பேசறீங்க'ன்னு அண்ணி ஓடி வந்துட்டாங்க. அம்பத்தெட்டு வயசுல பொண்ணு பார்க்கப் போறியாடான்னு அண்ணன் ஒரே சிரிப்பு."

"நல்ல அண்ணன்! சரி, மேல பேசுங்க."

பேசினார். பேச்சு கடகடவென்று ஓடியது.

"மெதுவா, மெதுவா! பின்னாடி யாராவது ஹாரன் அடிக்கிறாங்களா? ஒரு வரி முடிஞ்சா மூச்சு விடுங்க."

"மூச்சு விட்டா மறந்துடுது மேடம்."

"அப்ப ஒரு முகத்தைப் பிடிச்சுக்குங்க. மூணாவது வரிசை, ஓரத்து நாற்காலி. எப்பவும் நான் அங்கதான் உட்காருவேன். மறந்துட்டா என் வாயைப் பாருங்க, அடுத்த வரியை அசைச்சுக் காட்டறேன். மெக்கானிக் அண்ணன் போன தடவை மொத்தப் பேச்சையும் அப்படித்தான் பேசி முடிச்சாரு."

"சரி மேடம்."

"இன்னொண்ணு. என்ன ஆனாலும் சபைக்கு முதுகைக் காட்டாதீங்க."

வாத்தியாரம்மா தாளைக் கையில் வாங்கினார். அவர் எழுதிய பேச்சுக்குக் கீழே, சீட்டு எழுதும் அதே கோணல் கையெழுத்தில் இரண்டு வரி.

"இதென்ன புதுசா?"

குடைக்காரர் குடையின் நுனியை ஆராய்ந்தார். "நானா எழுதினேன்."

வாத்தியாரம்மா படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து நிதானமாகக் கோடு போட்டு அடித்தார்.

"தப்பா இருக்கா மேடம்?"

"தப்பில்ல. நூறு பேருக்கு முன்னாடி சொல்ற விஷயமில்ல. சம்பந்தப்பட்டவங்ககிட்ட தனியா சொல்ற விஷயம்."

"தனியா சொல்ல தைரியம் இருந்தா நான் எதுக்கு மைக்கைத் தேடப் போறேன்? தினம் காலையில சொல்லிடணும்னுதான் வருவேன். சாயங்காலம் அதைச் சுமந்துக்கிட்டே வீட்டுக்குப் போவேன். நாளையோட அவங்களும் போயிடுவாங்க." குரல் இறங்கியது. "சொன்னா கோவிச்சுக்குவாங்களா?"

வாத்தியாரம்மா அலமாரியில் தொங்கிய சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்காத கேள்விக்கு யாரு சார் பதில் சொல்லுவாங்க?"

"அப்புறம் ஏன் அடிச்சீங்க?"

"டீ ஆறுது. குடிங்க."

மறுநாள் சாயங்காலம் சாப்பாட்டுக்கூடம் நிரம்பியிருந்தது. பேர் சொல்லி அழைத்ததும் குடைக்காரர் தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே மேடையேறினார். மைக்கைப் பிடித்தார். நிமிர்ந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது.

வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தாளில் எழுத்தெல்லாம் கலங்கிப்போய்ச் சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தது.

"என்ன குடைக்காரரே, வண்டி ஸ்டார்ட் ஆகலையா? தள்ளி விடவா?" என்றார் ஓர் ஓட்டுநர். கூடமே சிரித்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் மெல்லிய குரல் கேட்டது.

"மூச்சு விடுங்க சார்."

குடைக்காரர் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இத்தனை வருடம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த பழக்கத்தில், இன்று வாத்தியாரம்மா உட்கார வேண்டிய இடம் வேறு என்பது நேற்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மேடையில், ஓய்வு பெறுகிறவருக்குப் போட்ட நாற்காலியில், கழுத்தில் மாலையோடு வாத்தியாரம்மா உட்கார்ந்திருந்தார்.

குடைக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். குரல் நடுங்கவில்லை.

"நாளையிலேர்ந்து டீ ஆறுதுன்னு சொல்ல எதிர் மேஜையில ஆள் இருக்காது. அந்த ஆள் இல்லாம எனக்கு முடியாது."

தன் கையால் அடித்த அந்த இரண்டு வரிக்கும், ஓர் எழுத்துகூடத் தவறாமல், வாத்தியாரம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன.