உறுமல்

காரில் ஏறியதிலிருந்து அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலையைப் பார்க்கவில்லை. இரண்டரை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் எல்லோரும் கத்துவார்கள். சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள். ஓட்டாவியோ மெஸ்ஸோரி மட்டும் என் உதடுகளைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து ஊரான சாஸ்ஸுவோலோவில் தரை ஓடு செய்கிற தொழிற்சாலை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அறுபதைத் தாண்டியவர். கார் பிடித்திருந்தால் இன்றே கையெழுத்துப் போடுவாராம்.

எனக்கு ஆள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இத்தாலியில் எங்கள் மோதெனா நகரைச் சுற்றிப் பந்தயக் கார் போல வேகமான கார்கள் செய்யும் கம்பெனிகள் பல. எங்களுடையது அதில் சின்னது. இரண்டு வாரம் முன்பு, வாங்க வந்தவர் மாதிரி ஒருவன் வந்து, மூக்குக் கண்ணாடியில் கேமராவை ஒளித்து, உள்ளே எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து காவல் பொறுப்பாளர் தானிலோ ஒவ்வொரு முறையும் என்னை வாசலில் நிறுத்திச் சொல்வார்: "நீவெஸ், ஆளோட கையைப் பாரு. மூஞ்சியைப் பாத்து ஏமாந்துடாத."

கையைப் பார்த்தேன்.

அவர் உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, முன்பக்கப் பலகையின் மேல். பிறகு குனிந்து இடது கால் ஷூவைக் கழற்றி, காலுறையோடு தரையில் பாதத்தை ஊன்றினார்.

காலுறைக்குள் என்ன கருவி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இரண்டு வளைவுகளைத் தாண்டினேன்.

அவர் தேடுவது என்ன என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். அது என்னுடைய வேலை. மூன்று வருட வேலை.

எங்கள் காரில் பாதி மின்சாரம். இஞ்சின் சின்னது, அதன் சொந்தச் சத்தம் தையல் மெஷின் மாதிரி இருக்கும். அதற்காக ஒரு பழைய பன்னிரண்டு சிலிண்டர் இஞ்சினின் உறுமலைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, கூரையிலும் இருக்கைக்குப் பின்னாலும் பதினோரு குட்டி ஒலிபெருக்கிகளில் மறைத்து வைத்தேன். கால் அழுத்தத்துக்கு ஏற்ப அது ஏறும், இறங்கும், பல்லைக் கடிக்கும். ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் "வேகம் எல்லாரிடமும் இருக்கிறது, உயிர் இந்தக் காரில்தான் இருக்கிறது" என்று எழுதினார்கள். ஒலிபெருக்கி விஷயம் கம்பெனியில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். வெளியே சொன்னால் வேலை போகும்.

மலை உச்சியில், காப்பிக் கடைக்கு எதிரே காரை நிறுத்தினேன். நின்றதும் இஞ்சின் தானாக அணைந்துவிடும். உறுமல் மட்டும் அணையாது. அடங்கிய மிருகம் மாதிரி தாழ்வாக ஓடிக்கொண்டே இருக்கும். அதில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

மெஸ்ஸோரி பாதத்தை ஒரு முறை எடுத்து, மறுபடி ஊன்றினார்.

"இஞ்சினை அணைச்சிட்டீங்களா?"

காருக்குள் இரண்டடி தூரத்தில் இருக்கும் என்னிடம், தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் கேட்பது போலக் கேட்டார். எங்கோ ஒரு மைக்கில் பதிவாகட்டும் என்றுதான் இப்படிக் கத்துகிறார் என்று தோன்றியது.

"இல்லையே, ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றேன். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் காப்பிக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்.

"எஞ்சினியரம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

பிடித்துவிட்டார். இனி பின்வாங்க முடியாது. திரும்பினேன். ஒவ்வொரு சொல்லாக, அழுத்தமாகச் சொன்னேன்: "இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு."

அவர் என் வாயை நெடுநேரம் பார்த்தார். "நீங்க சொன்னா சரி" என்று ஷூவைப் போட்டுக்கொண்டார். முகம் வாடியிருந்தது. அதையும் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மலையிலிருந்து இறங்கும்போது அவரே ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார், எங்கள் ஆட்களில் பாதிப் பேரைவிட. எந்தக் கம்பெனியில் ஓட்டிப் பழகினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. எத்தனை நாளாகக் கார் வைத்திருக்கிறீர்கள் என்றேன். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. சரி, ஒற்றனுக்கு இப்போது என் வாயும் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்து, தொடைக்கு அருகில் கைப்பேசியை மறைத்துத் தானிலோவுக்கு இரண்டு வார்த்தை அனுப்பினேன்: ஆளை நிறுத்து.

முற்றத்தில் சாவியை என் கையில் வைத்துவிட்டு, கையெழுத்துப் பற்றி ஒன்றும் பேசாமல் அவர் வாசலை நோக்கி நடந்தார்.

தானிலோ காவல் அறையிலிருந்து ஓடி வந்தார். "சிஞ்ஞோர்! நில்லுங்க! சிஞ்ஞோர் மெஸ்ஸோரி!"

அவர் நிற்கவில்லை.

தானிலோவின் குரலுக்குத் தெருவில் போன இரண்டு பேர் திரும்பினார்கள். எங்கள் நாய் எழுந்து நின்றது. அவர் அதே நடையில் போனார்.

"திமிரைப் பாத்தியா! கூப்பிடக் கூப்பிடப் போறான் பாரு!"

வாசலுக்கு வெளியே ஒரு பழைய சிவப்புக் காரில் சாய்ந்து அவர் மனைவி காத்திருந்தார். கணவரைக் கண்டதும் புருவத்தை உயர்த்தி, இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, விரல்களால் எதையோ வேகமாகக் கேட்டார்.

தானிலோவின் வாய் திறந்தபடி நின்றது.

மெஸ்ஸோரி வலது கையை நெஞ்சின் மேல் வைத்து, விரல்களைத் துடிதுடிக்க வைத்துக் காட்டினார். பிறகு அந்தக் கையை அந்தச் சிவப்புக் காரின் கூரையில் வைத்துத் தட்டினார்.

அப்புறம் எங்கள் காரைத் திரும்பிப் பார்த்தார். கையைக் காற்றில் தட்டையாக நீட்டினார்.

ஒரு விரலும் அசையவில்லை.